வழக்கம் யார் எழுதிய உயில்?

(கொல்லிமலை பெரக்கரை நாட்டில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)



காரவள்ளியிலிருந்து எழுபது வளைவுகளைச் சுற்றிக்கொண்டு மேலே வந்தவனுக்குத் தலை சுற்றுவது இயற்கைதான். ஆனால் எனக்கு அந்தப் பாதையைவிட, மத்தியானம் இங்கே ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் சொன்ன வார்த்தைதான் அதிகமாகத் தலையைச் சுற்ற வைத்தது. "பொம்பளைப் பிள்ளைக்கு நிலத்திலே பங்கு கொடுக்கிறது எங்க முன்னோர் வழக்கத்திலேயே இல்லை, ஐயா" என்று அவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மழை மேலிருந்துதான் பெய்யும் என்று சொல்லுகிற மாதிரி வெகு சாதாரணமாகச் சொன்னார். ஆகவே நான் வேறு எதையோ பேசலாம் என்று வந்திருந்தும், அதை விட்டுவிட்டு இந்த ஒரு வார்த்தையைப் பற்றியே பேசலாம் என்று தீர்மானித்தேன்.

நான் அதிகம் படித்தவனல்ல. கையில் கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்து, சரி என்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். ஆனால் என் விஷயத்தில் காட்டுகிற அதே சந்தேகத்தை "முன்னோர் வழக்கம்" என்பதன் விஷயத்திலும் கொஞ்சம் காட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

முன்னோர் என்றால் எந்த முன்னோர்? பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்துக்கும் முந்தியவர்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். அதாவது சுமார் இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன், நிலபுலம் உள்ள குடும்பங்கள் சொத்தை எப்படிப் பங்கிட்டன என்று பார்ப்போம்.

முதலில் "உயில்" என்கிற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கிராமத்துக் கிழவர்கூட "உயில் எழுதி வைத்துவிட்டேன்" என்கிறார். அது தமிழ் வார்த்தையல்ல. இங்கிலீஷ்காரனுடைய "வில்" என்பதுதான் நம் வாயில் உயில் ஆயிற்று. வார்த்தை மாத்திரமல்ல, சங்கதியே அப்படித்தான். தர்ம சாஸ்திரம் என்று சொல்லப்படுகிற சமஸ்கிருதப் புத்தகங்களிலும் உயிலுக்கு இடமில்லை. வெள்ளைக்காரர்களே 1829 இல் சென்னை மாகாணத்தில் ஐந்தாவது ரெகுலேஷன் என்று ஒன்று போட்டு, ஹிந்துக்களுடைய உயில் அவர்களுடைய சட்டத்துக்கு ஒத்து வருகிற மட்டில்தான் செல்லும் என்று சொல்லவேண்டியிருந்தது.

ஏன் உயில் இல்லை? குடும்ப நிலம் ஒருவனுடையதல்ல, ஆகையால் ஒருவன் அதை இஷ்டப்படி எழுதி வைக்க முடியாது என்பதுதான் காரணம். கேட்பதற்கு வெகு நியாயமாக இருக்கிறதல்லவா? ஆனால் ஒருவனுடையதல்ல என்றால் எல்லோருடையதும் என்று அர்த்தமா? இல்லை. அங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. சுமார் தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன் சாளுக்கிய ராஜாவின் காலத்தில் விஞ்ஞானேஸ்வரர் என்பவர் எழுதிய மிதாக்ஷரம் என்னும் உரைதான் பின்னால் நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் வேதவாக்காக வைக்கப்பட்டது. கோர்ட்டுகள் அதற்குக் கொடுத்த அர்த்தப்படி, பிள்ளை பிறந்த நிமிஷத்திலேயே குடும்பச் சொத்தில் அவனுக்குப் பாத்தியம் பிறந்துவிடுகிறது. பெண் பிறந்தால் ஒன்றும் பிறப்பதில்லை. அவளுக்குக் கலியாணச் செலவு; கூட்டுக் குடும்பத்தில் விதவையானவளுக்குச் சோறும் துணியும். புருஷன் பாகம் பிரிந்து, ஆண் சந்ததியும் இல்லாமல் செத்தால் மாத்திரம் விதவைக்குச் சொத்து. அதுவும் சாகிற வரைக்கும் அனுபவிக்கலாம், தக்க அவசியம் இல்லாமல் விற்கக்கூடாது. ஒரே வயிற்றில் பத்து மாதம் இருந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று சொத்தோடும் மற்றொன்று செலவோடும் பிறக்கிறதென்றால், இது இயற்கை செய்த வேலையா, எழுதுகோல் பிடித்தவன் செய்த வேலையா?

நிற்க. இந்தப் புத்தகம் அந்தக் காலத்துக் கிராமத்தானுக்குத் தெரியுமா என்றால், தெரியாது. அவன் ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு, வரப்பைக் காட்டி, ஓலையில் எழுதியோ எழுதாமலோ பங்கிட்டுக்கொண்டான். ஊருக்கு ஊர், ஜாதிக்கு ஜாதி வழக்கம் வேறாக இருந்தது. பிறகு கும்பெனியார் வந்தார்கள். 1772 இல் வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ், ஹிந்துக்களுடைய வாரிசு, கலியாணம் முதலிய விவகாரங்களைச் சாஸ்திரப்படி தீர்ப்பது என்று திட்டம் செய்தார். இந்தச் சேலம் சீமை திப்புவிடமிருந்து கும்பெனியார் கைக்கு வந்தது 1792 இல். 1802 இல் நம் மாகாணத்தில் ஜில்லாக் கோர்ட்டுகளுக்கு ரெகுலேஷன் செய்யப்பட்டது. கோர்ட்டுகளில் சாஸ்திரம் சொல்லப் பண்டிதர்கள் சம்பளத்துக்கு வைக்கப்பட்டார்கள். இப்படியாக, அந்தப் பாஷையே தெரியாத குடியானவனுக்கு, அவன் காதால்கூடக் கேட்டிராத ஒரு புத்தகம் "உன் முன்னோர் சட்டம்" என்று ஆகிவிட்டது.

இதை நான் துவேஷத்தினால் சொல்லவில்லை. மதுரைப் பக்கத்தில் வேலை பார்த்த நெல்சன் என்கிற வெள்ளைக்கார உத்தியோகஸ்தரே 1877 இல் ஒரு புத்தகம் எழுதி, தமிழ்நாட்டுச் சாமானிய ஜனங்களைச் சமஸ்கிருத ஸ்மிருதிகள் ஆண்டதே கிடையாது, கோர்ட்டுகள்தான் அவற்றை அவர்கள் தலையில் கட்டின என்று வாதாடினார். அதற்கு முன் 1868 இல் இராமநாதபுரம் சமஸ்தான வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சிலும், எழுதி வைத்த சாஸ்திரத்தைவிடச் சந்தேகமின்றி நிரூபிக்கப்பட்ட வழக்கத்துக்கே பலம் அதிகம் என்று சொல்லியது. ஆக, சாஸ்திரக்காரன் "புத்தகத்தில் இல்லை" என்று பெண்ணுக்குக் கதவைச் சாத்தினான். வழக்கத்துக்காரன் "வழக்கத்தில் இல்லை" என்று சாத்துகிறான். சாத்துகிற கை மாறியதே தவிர, வெளியே நிற்கிறவள் மாறவில்லை.

சரி, வழக்கம் என்பதாவது தமிழர்களுக்குள் ஒன்றாக இருந்ததா என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களும் நம்மைப்போல் தமிழ் பேசுகிறவர்களே. அங்கே ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், ஜனங்களுடைய வழக்கத்தை எழுதித் தரும்படி சைமன்ஸ் என்கிற கவர்னர் உத்தரவு போட்டார். நெடுங்காலம் அங்கேயே இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் எழுதி 1707 இல் முடித்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டப்பட்டது, அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அதுதான் தேசவழமை. 1806 இல் இங்கிலீஷ்காரர்களும் அதையே சட்டமாக வைத்துக்கொண்டார்கள்.

அதில் சொத்து மூன்று விதம். தகப்பன் வழியில் வந்தது முதுசம். பெண் கொண்டுவந்தது சீதனம். புருஷனும் பெண்சாதியும் வாழ்கிற காலத்தில் சேர்த்தது தேடிய தேட்டம். இங்கே சீதனம் என்றால் நகையும் பாத்திரமும் மாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். வயலும், தோட்டமும், வீட்டு மனையும் சீதனமாக ஓலையில் எழுதிக் கொடுக்கப்பட்டன. பழைய முறைப்படி தாயின் சீதனம் பெண்களுக்குப் போயிற்று. தகப்பன் முதுசம் பிள்ளைகளுக்குப் போயிற்று. அதாவது இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன் ஒரு தமிழ்ப் பெண் பெயரில் வயல் இருந்தது. அது அவள் மகளுக்குப் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. நிலம் விளையாமல் நின்றுவிடவுமில்லை.

அதற்காகத் தேசவழமையை நான் கோவிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. புருஷன் சம்மதமில்லாமல் பெண் தன் நிலத்தைப் பராதீனம் செய்ய முடியாது என்றும் அதில் இருக்கிறது. சீதனம் வாங்கியவள் பிறகு வேறு பங்கு கேட்கக்கூடாது என்றும் இருக்கிறது. அடிமைகளை எப்படி ஆளுவது என்றுகூட அதே புத்தகத்தில் இருக்கிறது! ஏன் அப்படி? கேட்கப்பட்டவர்கள் யார்? பன்னிரண்டு பேரும் முதலியார்கள். ஒரு பெண்ணைக் கேட்கவில்லை. ஓர் அடிமையைக் கேட்கவில்லை. வழக்கம் என்பது எப்போதும் கேட்கப்பட்டவன் சொன்னதுதான்.

இன்னும் தெற்கே நாஞ்சில் நாட்டுக்குப் போங்கள். அங்கே நிலமுள்ள வேளாளர்களுக்குள் மருமக்கள் வழி என்று ஒரு முறை இருந்தது. ஒருவன் பாடுபட்டுச் சேர்த்த சொத்து அவன் பெற்ற பிள்ளைக்கு இல்லை. அவன் சகோதரி மகனுக்கு. பெண் வழி என்று பேர்தானே ஒழிய, அதிகாரம் பெண்ணிடம் இல்லை. காரணவர் என்கிற மாமனிடம் இருந்தது. புருஷன் செத்தால் பெண்சாதியும் பிள்ளைகளும் தெருவைப் பார்க்க வேண்டியதுதான். இந்தக் கொடுமையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மான்மியம் என்று ஒரு பாட்டாகவே எழுதி நையாண்டி செய்தார். கடைசியில் 1926 இல் திருவிதாங்கூர் சர்க்கார் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் என்று ஒன்று செய்து அதை மாற்றியது. மாற்றிய பிறகு அந்த ஜாதியார் அழிந்தா போனார்கள்?

ஆகவே யோசியுங்கள். ஒரே தமிழ் பேசுகிற ஜனங்கள். ஓரிடத்தில் மகனுக்குச் சொத்து. ஓரிடத்தில் தாயின் நிலம் மகளுக்கு. ஓரிடத்தில் மருமகனுக்கு. மூன்றையும் "முன்னோர் வழக்கம்" என்றுதான் சொன்னார்கள். கடவுள் செய்த வழக்கம் என்றால் அவருக்கு மூன்று புத்தியா? மனிதன் செய்தது என்றால், மனிதன் மாற்றக்கூடாதா?

இனி இந்த மலைக்கு வருகிறேன்.

காஞ்சியிலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் வந்தார்கள், வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள், அவர்கள் வமிசமே நாங்கள் என்று நீங்கள் கதை சொல்லுகிறீர்கள். நல்ல கதை. அதை மெய் என்றோ பொய் என்றோ நான் சொல்ல வரவில்லை. ஆனால் கதையைக் கவனியுங்கள். மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் பேர் இருக்கிறது. ஆளுக்கு ஒரு மலையும் இருக்கிறது. பங்கு வாங்கிய ஒரு சகோதரி கதையில் இருக்கிறாளா? கதை சொன்னவனும் ஆண்பிள்ளைதான் என்று தெரிகிறதல்லவா?

ஒரு விஷயத்தில் உங்களை நான் மனப்பூர்வமாகப் பாராட்டுகிறேன். கீழே நாங்கள் விதவைக்கு மறுமணம் என்றால் சாஸ்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதற்காக மேடை போட்டு எத்தனையோ வருஷம் கத்தவேண்டியிருந்தது. நீங்களோ ஒரு மேடையும் இல்லாமல், விதவை மறுபடி கலியாணம் செய்துகொள்ளலாம், ஒத்துவராத கலியாணத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று பழைய காலத்திலிருந்தே வைத்திருக்கிறீர்கள். பெண்ணைப் பெற்றவன் தலையில் வரதட்சணை கட்டாமல், மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுப்பதையே வழக்கமாக வைத்திருந்தீர்கள். நாகரிகம் கீழேயிருந்து மலைக்கு ஏற வேண்டும் என்கிறவர்கள் இதைப் பார்க்கவேண்டும்.

ஆனால் அப்படித் தீர்த்துக்கொண்டு போகிறவள் எதைக் கொண்டு போகிறாள்? சாமை விதைத்தபோது அவள் இருந்தாள். களை எடுத்தாள், அறுத்தாள், தலைச்சுமையாகத் தூக்கி வந்தாள், குத்திப் புடைத்துச் சோறாக்கினாள். போகும்போது உடுத்தின சேலையோடு போகிறாள். பிள்ளைகளும் அப்பன் பக்கம் என்கிறது பழைய வழக்கம். போவதற்குச் சுதந்திரம் இருக்கிறது. போய் நிற்பதற்கு ஒரு சாண் மண் இல்லை. கால் வைக்க இடமில்லாதவளுக்குக் கதவு திறந்திருந்து என்ன பிரயோஜனம்?

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்கு ஆண்களைப்போல் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் செய்தது. அப்போது சிரித்தார்கள். 1937 இல் விதவைக்கு மாத்திரம் ஒரு அரைகுறைச் சட்டம் வந்தது; அதுவும் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941 இல் ஃபெடரல் கோர்ட்டு சொல்லிவிட்டது. 1956 இல் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. மகளும் வாரிசு என்றது, ஆனால் பூர்வீகக் கூட்டுச் சொத்தில் பிறப்புரிமை பிள்ளைக்கே என்று வைத்துக்கொண்டது. 1989 இல் தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சியில் பெண்ணுக்கும் அந்தப் பிறப்புரிமை கொடுக்கப்பட்டது. அதற்கு முன்பே கலியாணமானவர்களுக்கு இல்லை. 2005 இல் டில்லிச் சட்டம் அந்தத் தடையையும் எடுத்து, நாடு முழுவதற்கும் ஆக்கியது. செங்கற்பட்டில் சொன்னது சட்டமாக எழுபத்தாறு வருஷங்கள் ஆயின.

ஆனால் தோழர்களே, அந்தச் சட்டம் மலைக்கு மேலே ஏறவில்லை! 1956 சட்டத்தின் இரண்டாவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, மத்திய சர்க்கார் தனியாக அறிவித்தால் ஒழிய, அட்டவணைப் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் செல்லாது என்கிறது. மலையாளிகளாகிய நீங்கள் அந்த அட்டவணையில் இருக்கிறீர்கள். ஆகவே கீழே சேந்தமங்கலத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் பங்கு. மேலே இங்கே பிறந்த பெண்ணுக்கு "வழக்கம்".

கோர்ட்டுகளும் இதில் முன்னும் பின்னுமாகத் தடுமாறுகின்றன. 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, பழங்குடிப் பெண்ணுக்கும் சம உரிமை கிடைக்கச் சட்டத்தைத் திருத்துவதை யோசியுங்கள் என்று மத்திய சர்க்காருக்குச் சொல்லியது. 2023 இல் சென்னை ஹைகோர்ட்டு பழங்குடிப் பெண்ணுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜூலையில் சத்தீஸ்கர் பக்கத்துக் கோண்டுக் குடும்பத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பெண்ணுக்குப் பங்கு இல்லை என்கிற வழக்கம் நிரூபிக்கப்படாதபோது சமத்துவப்படி அவளுக்கும் பங்கு உண்டு என்றது. அதே வருஷம் அக்டோபரில் வேறொரு வழக்கில், 1956 சட்டம் பழங்குடியினருக்குச் செல்லாது என்று அதே கோர்ட்டு உறுதிப்படுத்தியது. ஆகவே கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்றைக்குப் பிறந்த பெண் பாட்டியாகிவிடுவாள். ஆனால் ஜூலைத் தீர்ப்பில் ஒரு பாடம் இருக்கிறது: "வழக்கம்" என்று வாயால் சொன்னால் போதாது, நிரூபி என்பது.

பெண்ணுக்குக் கொடுத்தால் நிலம் அன்னியன் கைக்குப் போய்விடும் என்று ஒரு பயம் சொல்லப்படுகிறது. நியாயமான பயம்தான், மலை நிலம் கீழ்நாட்டார் கைக்குப் போவதை நானும் விரும்பவில்லை. ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். இதுவரை போன நிலமெல்லாம் பெண்களுக்குப் பங்கு கொடுத்ததனாலா போயிற்று? பங்கே இல்லாதவள் எதை விற்றிருக்க முடியும்? கடனுக்கும் குடிக்கும் எழுதிக் கொடுத்த பத்திரங்களில் யாருடைய கைநாட்டு இருக்கிறது? பயப்படுவதானால் அந்தக் கைநாட்டுக்கு அல்லவா முதலில் பயப்படவேண்டும்?

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அதற்கு நானே சாட்சி. என் தகப்பனார் இறந்தபோது 2005 சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் இரண்டு சகோதரிகளுக்கும் பங்கு உண்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேடையில் பேசியும் இருக்கிறேன். அப்படியிருந்தும், "ஊர் வழக்கம்தானே" என்று பெரியவர்கள் சொல்ல, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு இருவரையும் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். ஆளுக்கு ஒரு பட்டுச் சேலை கொடுத்தோம். சிறியவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அண்ணா, நீ மேடையில் பேசுகிற பெண் நான் இல்லையா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு வருஷம் கழித்து என் பங்கிலிருந்து அவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். பெரிய காரியம் செய்ததாகச் சொல்லவில்லை. வாங்கக்கூடாததைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். கீழே சட்டம் இருந்தும் வழக்கம் ஜெயித்தது என்பதற்காகவே சொன்னேன்.

ஆகையால் உங்களை ஹிந்து சட்டத்துக்குள் வந்து விழுங்கள் என்று கூப்பிட நான் வரவில்லை. உங்கள் நாடு, உங்கள் நிலம், உங்கள் வழக்கம். நீங்களே கூடி, நீங்களே மாற்றுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். அதற்கு டில்லியும் வேண்டாம், சென்னையும் வேண்டாம்.

செய்யக்கூடியவை சில உண்டு. பாகம் பிரிக்கிறபோது மகளையும் உட்காரவைத்துப் பங்கு வையுங்கள். ஒருவன் தானே சம்பாதித்ததை மகளுக்கு உயிருள்ளபோதே எழுதிக் கொடுக்கலாம்; அல்லது உயில் எழுதலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமல்ல, செய்தால் நல்லது. பூர்வீக நிலமானால் இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி கொடுக்கப்படுகிற உரிமைப் பத்திரம், கலியாணமானவர்களானால் புருஷன் பெண்சாதி இருவர் பெயரிலும்தான் இருக்கவேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் இன்றிரவே எடுத்து, இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 1707 இல் யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு ஆண்பிள்ளைகளைக் கேட்டு வழக்கத்தை எழுதினார்கள். இங்கே ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் வாயால் சொல்லுவதே வழக்கம். அடுத்த முறை பெரக்கரை நாட்டில் பங்குப் பேச்சு என்று கூடுகிறபோது, அந்தப் பாயில் பன்னிரண்டு பெண்களையும் உட்காரவையுங்கள். அவர்கள் வாயிலிருந்து என்ன வழக்கம் வருகிறது என்று கேளுங்கள். அதற்குப் பிறகு "முன்னோர் வழக்கம்" என்று யாராவது சொன்னால், நம் பேரப்பிள்ளைகளுக்கு நாமும் முன்னோர்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.